ரிமாண்ட்: விசாரணைக்கு முன்பே எழுதப்படும் தீர்ப்பு

சாதி வன்கொடுமை குறித்துப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் செல்லும் தலித் ஒருவர், பல நேரங்களில் அன்று இரவுக்குள் தாமே இன்னொரு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். ஊர்த் தரப்பிலிருந்து ஓர் எதிர்ப்புகார் வாங்கப்படுகிறது. ‘பெயர் தெரிந்த பத்துப் பேர், பெயர் தெரியாத மேலும் சிலர்’ என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது. வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் அனைவரும் எதிர் வழக்கின் எதிரிகளாக மாறுகின்றனர். சமரசம் பேச வருபவர்களின் கையில் அந்த எதிர் வழக்குதான் துருப்புச்சீட்டாக இருக்கிறது.

வாச்சாத்தியை நாம் மறந்துவிடக் கூடாது. 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்தப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின. பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். ஆனால் அந்தப் பெண்கள் அரசு ஆவணங்களில் முதலில் இடம்பெற்றது பாதிக்கப்பட்டவர்களாக அன்று. சந்தன மரக் கடத்தல் வழக்கின் குற்றவாளிகளாகத்தான் அவர்கள் சேலம் சிறைக்குள் அடைக்கப்பட்டனர். குற்றம் புரிந்த அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைக்க 2011 வரையும், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்களைச் சிறைக்கு அனுப்பவோ ஒரு கையெழுத்துப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கையெழுத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கைது செய்யப்பட்டவரை நீதித்துறை நடுவர் முதன்முறையாகக் காவலில் வைக்க இடும் உத்தரவை நீதிமன்ற வழக்கில் ‘ரிமாண்ட்’ என்கிறோம். சாட்சி விசாரணையும் இறுதித் தீர்ப்பும் பல ஆண்டுகள் கழித்து வரும். ஒரு கூலித் தொழிலாளியின் வேலை, குடும்பம், உடல், மானம் ஆகிய அனைத்தும் ஏறக்குறைய அந்த முதல் நாளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே கைதானவரின் உரிமைகளை இந்த இடத்திலிருந்தே விளக்கத் தொடங்குகிறோம்.

அம்பேத்கர் கொண்டுவந்த கூறு

இந்திய அரசமைப்பின் 21ஆம் கூறு, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. இந்தச் சொற்கள் ஏற்கப்பட்டபோது அரசியல் நிர்ணய சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றம் எந்த நடைமுறையைச் சட்டமாக்கினாலும் அதுவே போதும் என்றாகிவிடுமே, நடைமுறை நியாயமானதா என்று யார் கேட்பது என்பதே உறுப்பினர்களின் கவலை.

அந்தக் கவலை நியாயமானது என்பதை ஏற்றுக்கொண்ட அம்பேத்கர், அதற்கு ஈடுசெய்யும் விதமாக 1949 செப்டம்பர் 15 அன்று 15ஏ என்ற புதிய வரைவுக் கூறைச் சபையில் முன்வைத்தார். அதுவே இன்றைய 22ஆம் கூறு. கைதுக்கான காரணத்தைத் தெரிவிப்பது, விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விடுவது, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துவது ஆகியவை அதில் இடம்பெற்றன. இவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தவைதாம் என்பதை அவரே சபையில் குறிப்பிட்டார். சாதாரணச் சட்டத்தில் இருப்பதை நாடாளுமன்றம் நினைத்தால் நீக்கிவிடலாம். அடிப்படை உரிமையாக்கினால் நீக்க முடியாது என்பதே அவர் கண்ட வேறுபாடு.

குற்றம்சாட்டப்பட்டவரின் உரிமை என்றதும், அது பணம் படைத்தவர்களும் ஆதிக்க சாதியினரும் தப்பிக்கும் வழி என்று நம் தோழர்களில் சிலர் எண்ணுவதுண்டு. தீண்டாமையை ஒழித்த 17ஆம் கூறைப் போலவே 22ஆம் கூறும் அம்பேத்கரின் உழைப்பால் வந்தது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே கூறில் ஒரு பெரும் ஓட்டையும் இருக்கிறது. தடுப்புக்காவல் சட்டங்களின்கீழ் அடைக்கப்படுபவர்களுக்கு இந்த முதல் இரண்டு பாதுகாப்புகளும் பொருந்தா. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் அத்தகையது. அது தனியே எழுத வேண்டிய பொருள் என்பதால் இங்கே சாதாரணக் குற்ற வழக்குகளோடு நிற்கிறோம்.

கைது கட்டாயமா?

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பெயரும் பிரிவு எண்களும் மாறியிருந்தாலும் கைது தொடர்பான அடிப்படைகள் பெரும்பாலும் தொடர்கின்றன.

எதிர் வழக்குகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, சட்டவிரோதமாகக் கூடியது, கொலை மிரட்டல் விடுத்தது என்பவையே அவை. பழைய எண்களில் 294(பி), 323, 324, 147, 148, 506(2) என்று சொன்னால் பலருக்கும் உடனே தெரியும். இவை எதிலும் தண்டனை ஏழு ஆண்டுகளைத் தாண்டாது. ஏழு ஆண்டுகள் வரையிலான குற்றங்களில் புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கைது செய்ய முடியாது. மேலும் குற்றம் செய்வதைத் தடுக்க, சாட்சியத்தை அழிப்பதைத் தவிர்க்க, சாட்சிகளை மிரட்டாமல் பார்த்துக்கொள்ள என்று 35ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். அதை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். கைது தேவையில்லை என்றால் 35(3)இன்படி நேரில் ஆஜராகுமாறு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்வதானால் அதற்கும் தனியே காரணம் எழுதப்பட வேண்டும்.

2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலும் 2022இல் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறியது. மீறும் காவல் அதிகாரிமீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வரும் என்று எச்சரித்தது. காரணத்தைப் பதிவுசெய்யாமல் இயந்திரத்தனமாகக் காவலுக்கு உத்தரவிடும் நடுவர்மீதும் உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்றது.

இந்தத் தடையைத் தாண்டக் காவல்துறை கையாளும் எளிய வழி, கொலை முயற்சிப் பிரிவைச் சேர்ப்பது. பழைய சட்டத்தில் 307; இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 109. இந்த ஒரு பிரிவு வந்தவுடன் அறிவிப்பு என்ற பேச்சு போய்விடுகிறது, பிணை கடினமாகிறது, குற்றப்பத்திரிகைக்கான காலமும் நீளக்கூடும். ஆகவே முதல் தகவல் அறிக்கை கையில் கிடைத்ததும் நாம் முதலில் பார்க்க வேண்டியது, 109ஆம் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளதா, சேர்க்கப்பட்டிருந்தால் காயச் சான்றிதழ் அதற்குத் துணைநிற்கிறதா என்பதைத்தான்.

எழுத்தில் காரணம்

கைதான ஒருவருக்கு எதற்காகக் கைது செய்யப்பட்டார் என்பது தெரிய வேண்டும். நீண்ட காலமாக இது ‘காரணம் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் முடிக்கப்பட்டுவந்தது. 2023இல் பங்கஜ் பன்சல் வழக்கிலும் 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும் காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முன்னது பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கு. பின்னது ஊபா வழக்கு. பெரிய வழக்குகளில் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, சைக்கிள் திருட்டு வழக்கில் பிடிபடும் இருளர் இளைஞருக்கும் உண்டா என்ற கேள்வி மிஞ்சியது.

2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணத்தைத் தெரிவிக்காத கைது 22(1)ஆம் கூறை மீறுகிறது, தெரிவித்தோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு காவல்துறையைச் சார்ந்தது, கைது சட்டவிரோதமானால் அதைத் தொடர்ந்த ரிமாண்டும் நிலைக்காது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எல்லாக் குற்றங்களுக்கும் இது பொருந்தும் என்றும், கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றும் கூறியது. கைதின்போதே தர இயலாத சூழலில், ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும்.

புரியும் மொழி என்பது நமக்கு முக்கியமானது. சென்னையிலும் திருப்பூரிலும் கட்டடத்திலும் ஆலையிலும் உழைக்கும் ஒடியா, இந்தி, வங்கத் தொழிலாளர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் ஏராளம். தமிழில் எழுதிய தாளில் அவர்களிடம் கைரேகை வாங்கினால் சட்டம் நிறைவேறியதாகாது. நம் ஊர்த் தொழிலாளியிடம் ஆங்கிலத் தாளை நீட்டினாலும் அப்படித்தான்.

24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுவாகத் தெரிந்த விதி. பயண நேரம் இதில் சேராது. எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. ‘விசாரணைக்கு’ என்று சொல்லி இரவில் அழைத்துச் செல்கின்றனர். இரண்டு நாள் நிலையத்திலோ வேறு இடத்திலோ வைத்துவிட்டு, மூன்றாம் நாள் காலை பேருந்து நிறுத்தத்தில் பிடித்ததாகக் கைதுக் குறிப்பாணை எழுதுகின்றனர். ஆவணப்படி எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

2025 ஜனவரியில் அமலாக்கத் துறை வழக்கு ஒன்றில், ஒருவர் உண்மையில் பிடித்துவைக்கப்பட்ட நேரத்திலிருந்தே கணக்கிட வேண்டும், தாளில் எழுதிய கைது நேரத்திலிருந்து அன்று என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தத் தீர்ப்பைப் பயன்படுத்த நமக்கு ஆதாரம் வேண்டும். அழைத்துச் சென்றவுடன் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பும் ஒரு தந்தியோ மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அந்த நேரத்தைப் பதிவுசெய்துவிடும் என்று முன்பெல்லாம் சொல்வோம். தந்தி 2013இலேயே நின்றுபோயிற்று. மற்ற இரண்டும் எல்லார் கையிலும் இருக்கின்றன. தெருமுனைக் கடையின் கேமராப் பதிவும் உதவும்; அழிவதற்குள் பாதுகாக்கக் கோர வேண்டும். காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது.

கைதின்போது வேறு சில கடமைகளும் உண்டு. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் வகுக்கப்பட்ட நெறிகள் பின்னர் சட்டப் பிரிவுகளாயின. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ கைதுக் குறிப்பாணையில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். பெண்களை, மிக அரிதான சூழலில் நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யக் கூடாது. அரசு மருத்துவர் பரிசோதித்து, அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தர வேண்டும்.

நடுவர் கேட்க வேண்டியவை

நடுவர் முன் நிறுத்தும் கடமையின் நோக்கம், காவல்துறையின் பிடியிலிருந்து ஒருவரை நீதித்துறையின் பார்வைக்குக் கொண்டுவருவது. அந்தப் பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டின் வரலாற்றில் மிகக் கொடிய சான்று பாகல்பூர். 1979–80இல் பீகாரின் பாகல்பூரில் கைதிகளின் கண்கள் காவல்துறையால் குருடாக்கப்பட்டன. அவர்கள் நடுவர்கள் முன் நிறுத்தப்பட்டபோது, கண்களில் எப்படிக் காயம் வந்தது என்று நடுவர்கள் கேட்கவில்லை. காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. வசதியற்றவருக்கு முதல்முறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே அரசுச் செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்ற விதியும் அதே வழக்கில் பிறந்தது. 1983இல் ஷீலா பார்சே வழக்கில், சித்திரவதை குறித்த புகார் உண்டா என்று நடுவர் கேட்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்டனர். அரசு மருத்துவர் உடல்தகுதிச் சான்று கொடுத்தார். நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்டார். கோவில்பட்டி கிளைச் சிறை ஏற்றுக்கொண்டது. சில நாட்களில் இருவரும் இறந்தனர். தடுத்திருக்கக்கூடிய மூன்று கதவுகளும் திறந்தே கிடந்தன. கடைவீதியில் தொழில் செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், சேரியிலிருந்தும் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தும் அழைத்துச் செல்லப்படுபவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 1993இல் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு நடுவரின் முன்பே நிறுத்தப்படவில்லை.

தமிழ்நாட்டில் அண்மைக் காலமாக மாவுக்கட்டுப் படங்கள் நகைச்சுவையாகப் பகிரப்படுகின்றன. கழிவறையில் வழுக்கி விழுந்தார், பாலத்திலிருந்து குதித்தார் என்று ஒரே கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. கட்டுப்போட்ட கையோடு வரும் ஒருவரிடம் எப்படி அடிபட்டது என்று தனியாக, காவலர்களை வெளியே நிறுத்திவிட்டு, நடுவர் கேட்டுப் பதிவுசெய்தாலே இந்தக் கதைகளில் பாதி முடிவுக்கு வந்துவிடும்.

ரிமாண்ட் உத்தரவு ஒரு நீதித்துறைச் செயல். நடுவர் வழக்கு நாட்குறிப்பின் பதிவுகளைப் பார்க்க வேண்டும்; கைது தேவையாக இருந்ததா என்று ஆராய வேண்டும்; காரணம் எழுத்தில் தரப்பட்டதா, உறவினருக்குத் தகவல் போனதா, உடலில் காயம் உண்டா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நாங்கள் ஆஜராகும் நீதிமன்றங்களில் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கும் நடுவர்களும் உள்ளனர். விடுமுறை நாள் மாலையில், வீட்டு வாசலில், இரண்டு நிமிடத்தில் கையெழுத்து முடிவதும் உண்டு. எது நடக்கும் என்பது பெரும்பாலும் அங்கே ஒரு வழக்கறிஞர் நின்று வாய் திறக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

அதற்கு வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. காவலில் இருப்பவருக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்து ரிமாண்ட் வழக்கறிஞரைக் கோரலாம்.

நாட்களை எண்ணுதல்

ரிமாண்டுக்குப் பின் எண்ண வேண்டிய எண்கள் 60, 90. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாட்கள். மற்றவற்றில் 60 நாட்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், பிணை கேட்பவரைத் தடுக்க முடியாது. குற்றத்தின் தன்மையை ஆராய வேண்டியதில்லை. இது உரிமையாகக் கிடைக்கும் பிணை. முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஒரு நாள் தாமதம் பல மாதச் சிறையாக மாறுவது இங்கேதான்.

காவல்துறைக் காவலில் புதிய சட்டம் ஒரு பாதகமான மாற்றத்தைச் செய்துள்ளது. முன்பு முதல் 15 நாட்களுக்குள் மட்டுமே காவல்துறை விசாரணைக்கு எடுக்க முடியும். இப்போது 187ஆம் பிரிவின்படி அந்த 15 நாட்களைத் துண்டு துண்டாக, முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறைக்குச் சென்றுவிட்டவர் இனி அடி விழாது என்று நிம்மதி கொள்ள முடியாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அவரை நடுவர் முன் நேரில் நிறுத்தியே காவல்துறைக் காவல் பெற முடியும். காணொலி வழியாகப் பெற முடியாது.

பிணையின் விலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேரில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் பங்கு 16.6 விழுக்காடு.

பிணை உத்தரவு கிடைத்தும் வெளிவர முடியாதவர்கள் இந்தக் கணக்கில் உள்ளனர். சொத்து மதிப்புச் சான்றிதழோடு இரண்டு பிணையாளர்கள், அவர்களில் ஒருவர் இரத்த உறவு என்று நிபந்தனை வரும்போது, பட்டா இல்லாத குடிசையில் வாழ்பவர் எங்கே போவார்? 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்ட நடுவர், அவருடைய சகோதரரின் பிணையை வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று சொல்லி மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடி ஏழைகளுக்கான பிணை நெறியை வகுத்தார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், பிணை கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாதவரின் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று கூறியது. பிணையில் விடத்தக்க குற்றங்களில், கைதான ஒரு வாரத்துக்குள் பிணையாளரைக் கொண்டுவர முடியாதவரை வறியவர் என்றே கருதி, சொந்தப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது 478ஆம் பிரிவு.

479ஆம் பிரிவு, முதன்முறை குற்றம்சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் இதில் சேரா. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. ஒரே சம்பவத்துக்கு மூன்று முதல் தகவல் அறிக்கை போடும் பழக்கம் எங்கே, யார்மீது அதிகம் என்பதை நாம் அறிவோம்.

சிறைக்குள்ளும் சாதி காத்திருக்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சாதிவாரியாக வேலை பகிர்வதையும் அறை பிரிப்பதையும் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதமானவை என்று அறிவித்தது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்ட சிறைகளில் நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் ஒன்று.

வன்கொடுமை வழக்கின் எதிரிக்கும் இதே உரிமையா?

ஆம் என்பதே நமது விடை. தயங்காமல் சொல்ல நமக்குக் காரணமும் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்பிணையைத் தடுக்கிறது. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதற்கட்ட விசாரணையும் மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும் என்று இச்சட்டத்துக்கு மட்டும் தனித் தடைகளை வைத்தது. தலித்தின் புகார் என்றாலே சந்தேகத்துக்குரியது என்ற பார்வை அதில் இருந்தது. ஆகவே ஏப்ரல் 2 அன்று நாடே தெருவில் இறங்கியது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் அது செல்லும் என்று தீர்ப்பானது. நாம் எதிர்த்தது அந்தப் பாகுபாட்டை. 22ஆம் கூறை நாம் ஒருபோதும் எதிர்த்ததில்லை.

மேலும், நடைமுறை மீறப்பட்டால் பயன் யாருக்குச் சேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆணவக் கொலை வழக்கில் கைதுக்கான காரணத்தைக் காவல்துறை எழுத்தில் தராவிட்டால், அந்தக் கைது சட்டவிரோதம் என்று சொல்லி எதிரி வெளியே வருவார். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உரிமையாகவே பிணை பெறுவார். வன்கொடுமை வழக்குகளில் 60 நாளுக்குள் புலனாய்வை முடிக்கச் சட்டமே சொல்கிறது. காவல் அதிகாரியின் அலட்சியம் சில இடங்களில் எதிரிக்குச் செய்யும் உதவியாகவும் இருக்கும். எதிர் வழக்கில் நம் மக்களின் விடுதலைக்காக எண்ணும் அதே நாட்காட்டியை, வன்கொடுமை வழக்கில் காவல்துறையைக் கடமை செய்யவைக்கவும் நாம் எண்ண வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்கான கருவிகளும் சட்டத்தில் உள்ளன. 15ஏ பிரிவின்படி எதிரியின் பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். தலித்துகள்மீது பொய்யான, உள்நோக்கம் கொண்ட குற்றவழக்குத் தொடுப்பதே 3(1)(பி) பிரிவின்படி ஒரு வன்கொடுமைக் குற்றம். எதிர் வழக்கு பொய்யென்று தெரியவரும்போது இப்பிரிவில் புகார் கொடுப்பது நம் வட்டாரங்களில் இன்னும் அரிதாகவே இருக்கிறது.

இவை எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு மூன்று இளைஞர்கள் சில பழக்கங்களைக் கைக்கொண்டாலே போதும்: அழைத்துச் சென்ற நேரத்தை உடனே எழுத்தில் அனுப்புவது, கைதுக் குறிப்பாணை, கைதுக் காரணம், மருத்துவ அறிக்கை ஆகிய மூன்றின் நகலையும் கேட்டு வாங்குவது, நடுவர் முன் நிறுத்தும்போது வழக்கறிஞர் இருப்பதை உறுதிசெய்வது, அடிபட்டிருந்தால் நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லுமாறு கைதானவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, முதல் ரிமாண்ட் நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவைத்து நாட்களை எண்ணுவது. கேட்டது மறுக்கப்பட்டால், மறுத்தார்கள் என்பதையும் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். பின்னர் உயர் நீதிமன்றத்தில் நாம் நிற்கும்போது, அந்தத் தேதியிட்ட தாள்தான் நமக்காகப் பேசும்.